கிணற்றடியில் பூத்த உப்பு

கோப்பாய் வீட்டு மேசையிலிருந்தபடி, வியாழனைச் சுற்றும் பனி நிலவொன்றிலிருந்து தொலைநோக்கி பதிந்த ஒளியைக் கணினியில் பிரித்து, அதன் மேற்பரப்பில் என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அன்று உப்பின் அடையாளம் தெரிந்தது.

“கீழை கடல் இருக்கு, அம்மா. பனி வெடிச்ச இடத்தாலை கசிஞ்சு, மேலை உப்பாய்ப் படிஞ்சிருக்கு,” என்று துள்ளாத குறையாகச் சொன்னேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். “எங்கடை கிணத்தடிச் சீமெந்திலையும் இப்ப வெள்ளையாய்ப் பூக்குது. தண்ணியும் கரிக்குது. அப்ப எங்களுக்குக் கீழை?”

“உது வேறை, அம்மா!” என்று எரிந்து விழுந்தேன். கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னேரம் குளிக்கப் போனேன். மழை பெய்து மாதங்களாகிவிட்டன. கடல் பெருகும் நேரம் அது. காலையில் கிணற்றுச் சுவரில் காய்ந்து தெரிந்த கடைசிக் கல்லை நீர் மூடியிருந்தது.