பத்துக்கு ஒன்று குறைவு

இந்த நாட்டின் அரசு ஓய்வூதியத்தில் ஒரு சதம் பார்ப்பதற்குக் குறைந்தது பத்து வருடங்கள் தேசியக் காப்புறுதி கட்டியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடங்கள் கட்டினால் முழுத்தொகை. பத்துக் கட்டியவருக்கு முப்பத்தைந்தில் பத்துப் பங்கு கிடைக்கும். அப்படியானால் ஒன்பது கட்டியவருக்கு ஒன்பது பங்கு என்று கணக்குப் போடுகிறவர் அரசாங்கத்தோடு அதிகம் பழகாதவர். ஒன்பதுக்குப் பூச்சியம்.

இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெம்பிளியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணக்காளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடங்கள் வேலை செய்தேன். கடைக்காரர்களின் வரிக்கணக்கு முடிந்ததும் அவர்களுடைய மனைவிமாரின், மாமிமாரின் படிவங்கள் வரும். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதுகூட ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணை, ஒரு சின்னக் கேள்வி" என்பார். சின்னக் கேள்வி என்று ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை. விட்டுப்போன வருடங்களைச் சொந்தப் பணம் கட்டி நிரப்பலாம், ஆனால் கட்டுவதற்கு முன் ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து எந்த வருடம் பயன்தரும் என்று கேட்கவேண்டும் என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "முதலில போன் எடுங்கோ" என்று எல்லோரையும் விரட்டியவன் நான். ஒரே ஒருவரைத்தான் எடுக்கவிடவில்லை.

அவர் மன்னார்க்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். அகதியாக லண்டனுக்கு வந்தபோது என் அறையில்தான் தங்கினார். நான் மாணவ விசாவில் வந்து கணக்கியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். செலவுக்கு ஒரு பெற்றோல் நிலையத்தில் சில மணிநேர வேலை, காப்புறுதி வெட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. இரண்டாம் முறையும் பரீட்சையில் தவறியபின், வேலையை விட்டுவிட்டுப் படிப்பதென்று முடிவெடுத்தேன். அவருக்கோ வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. அந்நாளில் எங்கள் ஆட்களிடையே இதற்கொரு வழக்கம் இருந்தது. நம்பர் கொடுப்பது என்போம். நான் போகவேண்டிய ஷிப்டுக்கு அவர் போனார், என் பெயரில், என் காப்புறுதி இலக்கத்தில். எங்கள் இருவரின் முகத்தையும் பிரித்தறியும் அக்கறை நிலையத்தின் முதலாளிக்கு இருக்கவில்லை.

நான்கு வருடங்கள். அவர் இரவும் பகலும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். அவருடைய சம்பளத்தில் வெட்டிய காப்புறுதிப் பணம் வாரம் தவறாமல் என் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நான் நூலகத்தில் இருந்தேன். அதை நாங்கள் உதவி என்றுதான் சொன்னோம். யார் யாருக்குச் செய்த உதவி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது, சொந்த இலக்கமும் கிடைத்தது. ஆனால் நெடுங்காலம் அவர் சொந்தக்காரர்களின் கடைகளில் கைக்காசுக்குத்தான் வேலை செய்தார். கைக்காசு எந்தப் பதிவிலும் ஏறாது. பிறகு அவருடைய மனைவி படுத்த படுக்கையானார். ஐந்து வருடங்கள் வீட்டிலிருந்து பார்த்தார். பராமரிப்பவர்களுக்கு அந்த வருடங்களை இலவசமாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு படிவம் உண்டு என்று அப்போதே சொன்னேன்.

"என்ர மனிசிக்குக் கஞ்சி பருக்கிறதுக்கும் போமோ அண்ணை?" என்று கேட்டார். அந்தப் படிவத்தை நிரப்பவே விடவில்லை.

மனைவி இறந்தபின் ஒரு பண்டகசாலையில் முறையான வேலை. இப்படியாக, நாற்பது வருட லண்டன் வாழ்க்கையில் அவருடைய பதிவில் ஏறியவை ஏழு வருடங்கள். இனி வேலை செய்து கூட்ட வழியில்லை. ஓய்வூதிய வயது எட்டும் வருடம் கணக்கில் சேராது.

என்னுடைய பதிவில் சரியாக முப்பத்தைந்து. அலுவலகத்தில் முப்பத்தொன்று, பெற்றோல் நிலையத்தில் நான்கு.

அவருக்கு வேண்டியிருந்தது மூன்று வருடங்கள். மன்னாரில் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறா, கணவனை இழந்தவ. அங்கே போய் ஒரே வீட்டில் இருப்பதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதில் ஏக்கம் ஒன்றும் இல்லை. பார்க்கிங்கில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையை வைத்துப் பார்த்த கணக்கு. அரசு ஓய்வூதியம் கடல் தாண்டி வரும். ஆனால் இலங்கையில் இருப்பவர்களுக்கு வருடாந்த உயர்வு கிடையாது, முதல் நாள் தொகைதான் கடைசி நாள் வரைக்கும் என்று எச்சரித்தேன்.

"அது பரவாயில்லை. நானும் இனி உயரப்போறதில்லைத்தானே" என்றார்.

பணமும் இருந்தது. சீட்டு எடுத்து, மூன்று வருடங்களுக்குக் கட்டவேண்டியதை வங்கியில் தனியாக வைத்திருந்தார். சாதாரணமாக ஆறு வருடங்களுக்கு உட்பட்ட இடைவெளிகளைத்தான் நிரப்பலாம். அந்தச் சமயத்தில் மட்டும் அரசாங்கம் பழைய வருடங்களுக்கும் கதவைத் திறந்துவைத்திருந்தது. மனைவியைப் பார்த்த ஐந்து வருடங்களும் அதற்குள் வந்தன. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பணம் கட்டல், வேலை முடிந்தது.

"போன் எடுத்தால் பழசெல்லாம் கேப்பாங்களோ?" என்று கேட்டார். "வந்த புதிசில எப்பிடிச் சாப்பிட்டனீ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? பிரஜாவுரிமை போமில அந்த நாலு வருசமும் சும்மா இருந்தனான் எண்டெல்லோ எழுதினது. நீங்கள்தானே எழுதினீங்கள்."

நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

"கேட்க மாட்டினம்" என்று சொல்லியிருக்கவேண்டும். கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அழைப்பை எடுப்பவருக்கு முன்னால் இருப்பது ஒரு திரை, அதில் இருப்பது வருடங்களின் பட்டியல். மற்றவர்களுக்காக நானே பல தடவை அந்த வரிசையில் காத்திருந்து பேசியிருக்கிறேன். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் கேட்டுவிட்டால்? கேள்வி அவருடைய பிரஜாவுரிமையில் தொடங்கி என்னுடைய முப்பத்தைந்தில் வந்து நிற்கும். அப்போது நான் ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகியிருக்கவில்லை. "கொஞ்சம் பொறும், நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

எதை விசாரிப்பது, யாரிடம்? எல்லோரும் என்னிடம்தான் விசாரிப்பார்கள்.

பழைய வருடங்களுக்கான கடைசி நாளை அரசாங்கம் அதற்கு முன்பு இரண்டு முறை தள்ளிவைத்திருந்தது. மூன்றாம் முறையும் தள்ளும் என்று அவருக்குச் சொன்னேன். அது ஊகம். அதை நான் சொன்ன விதம் சட்டம் போல இருந்தது. ஏப்ரல் ஐந்தாம் திகதி கடைசி நாள். அதற்கு முந்திய மாலை அவருடைய அறையில் மடிக்கணினியோடு இருந்தோம். அந்த வாரத்தில் தொலைபேசி வரிசை மிக நீளம் என்பதால், இணையத்தில் பெயரையும் இலக்கத்தையும் பதிந்து வைத்தாலே போதும், பிறகு அவர்களே அழைப்பார்கள், தவணை தவறியதாகக் கொள்ளமாட்டார்கள் என்று ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தும் வைத்திருந்தேன்.

"உங்களுக்குச் சரியெண்டால் போடுங்கோ அண்ணை" என்றார் அவர், தேநீர் ஊற்றியபடி.

"இவங்கள் கட்டாயம் தள்ளி வைப்பாங்கள். அவசரப்பட்டு மாட்டுப்படத் தேவையில்லை."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரியாததே."

அவருடைய தேநீரில் எப்போதும் சீனி அதிகம். குடித்துவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

தள்ளிவைக்கவில்லை.

அதன் பிறகு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் பதிவில் உள்ள இன்ன நான்கு வருடங்கள் என்னுடையவை அல்ல, அவற்றைச் சம்பாதித்தவர் இன்னார் என்று, பந்தி பிரித்து, ஆதாரங்களைக் குறிப்பிட்டு எழுதினேன். ஆதாரம் என்று குறிப்பிட ஒன்றும் இருக்கவில்லை. சம்பளச் சீட்டுகளில் என் பெயர், பெற்றோல் நிலையம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அனுப்பியிருந்தாலும் என் நான்கு குறைந்திருக்கும், அவருடைய ஏழு கூடியிருக்காது என்று எனக்கே விளக்கிக்கொண்டேன். அந்த விளக்கத்தில் பிழை இல்லை. கடிதம் இன்னும் என் கணினியில் இருக்கிறது.

போன குளிர்காலத்தில் அவர் என்னிடம் சொல்லாமல் தானே தொலைபேசி எடுத்தார். முடிந்ததும் எனக்கு எடுத்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணை" என்றார். குரலில் வியப்புத்தான் இருந்தது. "பிறந்த திகதி, விலாசம், நம்பர். அவ்வளவுதான். ஒரு பிள்ளை கதைச்சது, நல்ல தன்மையான பிள்ளை. கடைசி ஆறு வருசத்துக்குள்ள ரெண்டு வருசம் கட்டலாமாம். அதுக்கு முந்தினது ஏலாதாம், மூடியாச்சாம்."

"ரெண்டு கட்டினால் ஒன்பது."

"ஓம். ஒன்பது எண்டால் கட்டாதீங்கோ, காசு வீண் எண்டு அந்தப் பிள்ளையே சொன்னது." பிறகு, "போன வருசம் எடுத்திருந்தால் சரி வந்திருக்குமாம்" என்றார்.

அதில் குற்றச்சாட்டைத் தேடினேன். இருக்கவில்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

இப்போது எஞ்சியிருப்பது பென்சன் கிரெடிட். வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கொடுப்பது. வாரக் கணக்கில் பார்த்தால் முப்பத்தைந்தில் பத்துப் பங்கைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் அது இந்த நாட்டை விட்டு வராது. நான்கு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். "பெனிபிட்" என்று முகத்தைச் சுளித்தார். உழைத்ததற்கு வருவது வேறு, இது வேறு என்றார். வேறுதான். வாடகை இரண்டையும் வேறுபடுத்தாது என்று சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசை முடிந்து வந்தபின், படிவத்தோடு பார்க்கிங் போனேன்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது மன்னாரிலிருந்து தங்கை எடுத்தா. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டினார்.

"அறைக்கு வெள்ளையடிச்சாச்சு. எப்ப வாறாய்?"

"வரேலாது பிள்ளை. பென்சன் சரிவரேல்லை."

"ஏன், அங்க ஒருத்தரையும் கேட்டுச் செய்யேல்லையே? உனக்கு உந்தப் போமுகள் விளங்காது எண்டு எனக்குத் தெரியும்."

"சும்மா கதைக்காதை. எல்லாம் அண்ணைதான் பாத்தவர். அவருக்குத் தெரியாத சட்டம் இல்லை. அவராலேயே ஏலாமப் போச்சு எண்டால் பாரன்."

"அப்ப நானே இஞ்ச தனிய?"

அவர் கத்தியை வைத்துவிட்டு ஸ்பீக்கரை நிறுத்தி, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நான்கு வாரங்களுக்கு மேல் வெளிநாடு செல்லும் எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தது. அவரிடம் கேட்கவில்லை. இல்லை என்ற பெட்டியில் கோடு போட்டேன்.