நூலில்லாத தறி

தறிக்கூடத்தைத் திறந்ததும் சாதிக் பாட்சா முதல் தறியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். தறி ஓடும். ஆனால் அதில் நெடுக்கே பாவும் இருக்காது, குறுக்கே ஊடையும் இருக்காது. நூலைக் கொண்டுபோக வேண்டிய நாடா சும்மாவே இங்கும் அங்கும் அடித்துக்கொண்டிருக்கும். சத்தம் ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் ஓட்டினார்.

அவருடைய நான்கு தறிகளும் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி நெய்தவை. அந்தத் துணியின்மேல் அவருக்கு ஒரு பித்து. வண்டியிலிருந்து விழுந்து கால்கட்டோடு வந்த காளிராஜ் அண்ணனிடம், "காலு கெடக்கட்டும்ப்பா, கட்டக் காட்டு" என்று குனிந்து துணியை விரலால் உரசிப் பார்த்தார். "இது நம்மூரு நெசவில்லையே. எப்படிப்பா புண்ணு ஆறும்?"

"அப்போ இதப் பிரிச்சிப் போட்டுட்டு ஒங்க துணியக் கட்டுங்க பாய்."

பாய் சிரித்தார். கட்டிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

அதே துணி இப்போது வெளியூர்களில் பெரிய மிஷின்களில் மலிவாக வருகிறது. நூல் விலையும் கரண்ட் பில்லும் ஏறினாலும், வாங்குகிறவர்கள் பழைய விலைக்கே கேட்கிறார்கள். ஆடியோடு ஆர்டர் நின்றுபோனது. தறி ஓட்டியவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பக்கத்துச் சந்திலிருக்கும் ஆவுடையம்மாள் மட்டும்தான் மிச்சம். அந்த அம்மாவும் போய்விட்டால், ஆர்டர் வந்தாலும் நெய்ய ஆளில்லை. "சாம்பிள் ஓடுது தாயி, அடுத்த வாரம் ஆர்டர் வந்துரும்" என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார் பாய்.

போன சனிக்கிழமை ஆவுடையம்மாள் வந்து வாசலில் நின்றார்.

"திங்கக்கெழமையில இருந்து மில்லுக்குப் போறேன் பாய். வேன் நம்ம தெருவழியாத்தான் வருதாம்."

"சாம்பிள் ஓடுதுல்ல தாயி..."

"இம்புட்டு வருசம் தறியில நின்னவளுக்கு வெறுந்தறி சத்தம் தெரியாதாக்கும்? மொத நாளே தெரியும். நீங்க சங்கடப்படுவியன்னு கேக்கல."

பாய் எழுந்து சுவிட்சை அணைத்தார். "இன்னும் செத்த நாளு பொறுக்கக் கூடாதா?"

"நான் பொறுப்பேன். பிள்ளைக வயிறு பொறுக்குமா?"

திங்கட்கிழமை காலை தறி ஓடவில்லை. பாய் வாசலில் நின்றிருந்தார். மில் வேன் வந்து, சந்து முனையில் ஹாரன் அடித்துவிட்டு, ஆளைக் காணோம் என்று புறப்பட்டது. அப்போதுதான் ஆவுடையம்மாள் தூக்குச்சட்டியோடு சந்துக்குள்ளிருந்து ஓடி வந்தார். டிரைவர் பார்க்கவில்லை. பாய் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து வேனை மறித்தார்.