போகிக்கு வெட்டிய செடி

எதையும் அரைகுறையாக விட்டுவைக்க எனக்குத் தெரியாது. சட்டையில் நூல் தொங்கினால் உடனே அறுத்துவிட வேண்டும். சுவரில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்தால் மொத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். இந்தக் குணத்துக்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தப் போகியன்று நான் செய்ததற்கு மட்டும் அவள் என்னைத் திட்டவே இல்லை.

அவள் குன்னூர்க்காரி. அவளுடைய அம்மா இறந்து, அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது அங்கிருந்து அவள் எடுத்துவந்தது ஒரே ஒரு தொட்டி. அதில் இருந்தது புரோமிலியாட் செடி. அன்னாசிக்குச் சொந்தம், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். திருவொற்றியூரில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் சுவரை ஒட்டி வைத்தாள். லாரிப் புழுதி படியும் இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள். எதிர்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம், "இன்னா நைனா, எப்போ காய்க்கும்?" என்பார்.

காய்க்கவில்லை, பூத்தது. மாதக்கணக்கில் சிவப்பாக நின்ற பூ ஐப்பசி மழையில் பழுப்பாகிவிட்டது. பூ முடிந்தால் தாய்ச்செடி மெல்ல மெல்லச் சாகும், அடியில் குட்டி முளைக்கும். ஒரு குட்டி முளைத்தும் விட்டது. தாயை அறுத்துவிட நான் கத்தியோடு போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"குளிர் காலத்துல கத்தி வைக்கக் கூடாதுங்க. வெட்டின இடம் காயாது, அழுகிடும். நுனி காஞ்சிருந்தா அதை மட்டும் நறுக்குங்க. பூத்தண்டைக்கூட வெயில் வந்தப்புறம் பார்த்துக்கலாம். தாயைத் தொடாதீங்க. குட்டி அதுல பாதி உயரம் வர்ற வரைக்கும் அதுதான் சாப்பாடு போடும். மாசி போகட்டும்."

"திருவொத்தியூர்ல இன்னா குளிரு? மார்கழியில ஃபேன் போட்டுக்கினு தூங்குறோம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா அப்படித்தான் செய்வாங்க," என்றாள்.

மார்கழிக் கடைசியில், குன்னூரிலேயே வாக்கப்பட்டிருந்த தங்கையின் பிரசவத்துக்காக அங்கே போனாள். போகும்போது சாவியைப் பற்றியோ பாலைப் பற்றியோ பேசவில்லை. செடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாளே மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வரும் அம்மா வந்தார். புரோமிலியாடின் இலைகளுக்கு நடுவே கிண்ணம்போலத் தண்ணீர் நிற்கும், செடி குடிப்பது அதைத்தான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புழு நெளியுது பாருங்க சார். நாளைக்கும் வருவேன், தண்ணி நிக்கக் கூடாது."

அந்தத் தண்ணீரை மாற்றியிருந்தால் போதும். நான் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றாமல் விட்டேன். நாலே நாளில் இலைகள் மடங்கித் தொங்கின. ஃபோனில் அவள் கேட்டபோது, "நல்லா கீது," என்றேன். சாகிற செடியைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

போகி விடியற்காலையில் பழைய பாய், துடைப்பம், கிழிந்த தலையணை எல்லாம் தெருவுக்கு இறங்கின. பழையதும் செத்ததும் வீட்டில் தங்கக் கூடாத நாள். கத்தியை எடுத்து, குட்டியை விட்டுவிட்டு, தாய்ச்செடியை மண்ணுக்கு மேலே அறுத்தேன். அறுத்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். கீழே கொண்டுபோய் நெருப்பில் போட்டேன்.

அது எரியவில்லை. புகை மட்டும் கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கினார்.

"பச்ச செடிய இன்னாத்துக்குப் போட்ட நைனா? உசுரு கீது அதுக்கு."

குச்சியால் இழுத்துப் பார்த்தேன். உள் இலைகள் நல்ல பச்சை. ஆனால் அடிப்பகுதி கருகிவிட்டிருந்தது. மேலே ஓடினேன். அறுத்த அதிர்ச்சியில் குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல் பட்டதும் ஆடியது, வேர் இன்னும் பிடிக்கவில்லை. தேங்காய் நாரை அடைத்து, குச்சி நட்டு நிறுத்தினேன். அவள் வர மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் பொங்கலும் கரும்பும் ருசிக்கவில்லை. குட்டி வேர் விட்டதா என்று அவள் லேசாக இழுத்துப் பார்ப்பாள், அது அவள் பழக்கம். இப்போது இழுத்தால் கையோடு வந்துவிடும்.

வந்தவள் பையை இறக்கிவைத்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். பிறகு கை குட்டியிடம் போனது.

"இழுக்காத," என்றேன். "வேர் இல்ல. தாய நான்தான் வெட்டி போகியில போட்டுட்டேன்."

கை நின்றது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "சுவர்ப் பக்கம் இருந்த குட்டியும் சேர்ந்தா?"

"சுவர்ப் பக்கமா?"

"இலை இடுக்குல கட்டைவிரல் அளவு இன்னொண்ணு இருந்துச்சு. அது தங்கச்சிக்கு. மாசி போனதும் கொண்டுவந்து தரேன்னு நேத்துதான் சொல்லிட்டு வந்தேன்."

நெருப்பில் கருகிய அந்த அடிப்பகுதி ஞாபகத்துக்கு வந்தது. அவள் வாய்விட்டு அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் உள்ளே போய் டீ போட்டாள், எனக்கும் சேர்த்து.

மாசி முழுக்க நான் அந்தப் பக்கமே கத்தியோடு போகவில்லை. பங்குனியில் ஒருநாள் அவள் குட்டியை இழுத்துப் பார்த்தாள். பிடித்திருந்தது. அதைப் பெயர்த்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, குன்னூருக்கு எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பால்கனியில் இப்போது தொட்டியும் நான் அறுத்துவிட்ட அடிக்கட்டையும்தான் இருக்கின்றன. அதிலிருந்து இன்னொன்று முளைக்கலாம் என்கிறாள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். அவள் வெளியூர் போனால் நான் ஊற்றுகிறேன்.