நாலு நூல் ஸ்பேனரும் ஊசுட்டேரி ஷெட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்தி வீதியில் பழைய சாமான் பரப்புகிறவர்கள் என்னைத் தூரத்தில் கண்டதுமே மனசுக்குள் விலையை ஏற்றிக்கொள்வார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். குறைக்கத் தெரிந்தவனிடம்தானே ஏற்றிச் சொல்வார்கள்? மற்றவர்கள் அங்கே சட்டையும் செருப்பும் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். என் கண் மட்டும் தரையிலேயே இருக்கும். எந்தத் தார்ப்பாயில் இரும்பு கிடக்கிறதோ அங்கே என் கால் தானாக நிற்கும்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஞ்சாலையில் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலைக்குப் போனேன். ஆலை மூடியபோது என்னோடு வேலை செய்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கிருந்து மேட்டுப்பாளையத்தில் சொந்தமாக கேட், கிரில் அடிக்கிற பட்டறை. புதுச்சேரியில் ஒரு இரும்பு கேட்டைத் தள்ளும்போது சத்தமே இல்லாமல் திறந்தால், அது நான் செய்ததாக இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பட்டறையில் ஆரம்பத்தில் இருந்த ஒரு கருவிகூடப் புதிது கிடையாது. எல்லாம் யாரோ வேண்டாம் என்று போட்டதை நான் வேண்டும் என்று எடுத்ததுதான்.

பழைய கருவி பார்க்க எனக்கென்று வழிகள் உண்டு. இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் என்றால் முதலில் மூக்கு. காற்றுப் போகிற ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தால், உள்ளே கம்பிச் சுருள் கருகிய மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் அந்த வாடை போகாது. அப்புறம் கல் மாட்டுகிற தண்டைப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் பேரிங் போயிற்று. பேரிங் மாற்றுவது சுலபம், ஆனால் அந்தச் சுலபத்தை விற்கிறவனிடம் சொல்லக் கூடாது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் என்றால், வாயை மூடி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். இடையில் வெளிச்சம் ஒரே சீராகத் தெரிந்தால் நல்ல வைஸ். ஸ்பேனர் என்றால் ஓரத்தில் அரத்தை ஓட்டுவேன். அரம் வழுக்கினால் எஃகு. கடித்தால் அது தகரத்துக்குத் தம்பி. சுற்றுகிற கல், கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி, கரண்ட் ஒயர், இவற்றை மட்டும் பழசில் தொடவே மாட்டேன். அதில் மிச்சம் பிடிக்கிறவன் ஆஸ்பத்திரியில் செலவு செய்வான்.

இவ்வளவு தெரிந்த எனக்கு, போன வருஷம் மழை விட்ட சமயத்தில், என் மகளிடமிருந்து போன் வந்தது.

அவளை ஊசுட்டேரிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வேலை படித்தவள். அந்தப் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு மருந்தடிக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், களை எடுக்கிற பவர் வீடர். பழுதானால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு வந்து காத்துக் கிடக்க வேண்டும். தன் வீட்டுக் கொல்லையில் சும்மா கிடந்த ஷெட்டில் அந்த வேலையைத் தானே செய்யலாம் என்று அவளுக்கு ஆசை. அதே ஷெட்டை உரக்கடைக்காரர் ஒருவர் மூட்டை அடுக்க வாடகைக்குக் கேட்டிருந்தார். ஷெட் அவள் மாமியார் பேரில் இருக்கிறது.

"அப்பா, அத்த ஒரே பிடியா நிக்கறாங்க. அடுத்த வெள்ளிக்கிழம உரக்கடைக்காரர் அட்வான்ஸ் குடுக்க வர்றாராம். அதுக்குள்ள ஒரு மெஷினாவது அந்த ஷெட்டுல சரியாகி வெளிய போவணுமாம். இல்லன்னா சாவி அவருக்குத்தான்."

"போவும். அதுக்கென்ன?"

"எதால செய்யறது? கையாலயா? எங்கிட்ட சீட்டு எடுத்த பணம் மட்டுந்தான் இருக்குது. புதுசா வாங்கப் போனா ஒரு மெஷினுக்கே பத்தாது."

"நான் உயிரோட இருக்கும்போது நீ எதுக்குடி புதுசு வாங்கற? ஞாயித்துக்கிழம வா. ஷெட்ட ரொப்பித் தர்றேன்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவன் மாதிரி இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் நானும் மகளும் காந்தி வீதியில் இருந்தோம். இரும்புச் சாமான் பரப்புகிற ஓர் அம்மா உண்டு. வாய் ஜாஸ்தி, ஆனால் சாமான் சுத்தம்.

"வாய்யா பெரியவரே. போன வாரம் நீ தூக்கினு போன சுத்தியலுக்கு இன்னும் என் வயிறு எரியுது."

"எரிஞ்சா மோர் குடி. இந்த வைஸ் என்ன வெல?"

"அத தொடாத. பிரான்ஸ் பட்டாளத்து பென்ஷன்காரர் வூட்டு சாமான் அது. அந்தக் காலத்துலயே கப்பல்ல வந்தது."

"கப்பல்ல வந்துட்டா இரும்புல செண்டு வாசன அடிக்குமா? வாய மூடிக் காட்டு, பாக்கலாம்."

"என் வாயா, வைஸ் வாயா?"

"ஒன் வாய மூட யாரால முடியும்?"

பக்கத்துத் தார்ப்பாய்க்காரர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள். சிரித்தால் விலை இறங்கும் என்பது எனக்குத் தெரியும். வைஸை வெயிலில் தூக்கினேன். முடி கனத்துக்கு ஒரே சீராக வெளிச்சம். இதை விடக் கூடாது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். முகத்தில் மட்டும், ஊசிப்போன குழம்பை மோந்தவன் மாதிரி ஒரு சுளிப்பைக் காட்டினேன். அந்தச் சுளிப்புக்காகவே எனக்குப் பரிசு கொடுக்கலாம். அவள் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வைஸ் எங்களுடையதாயிற்று.

அப்போதுதான் அந்த மரப்பெட்டியைப் பார்த்தேன். உள்ளே பச்சைத் துணி விரித்து, சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக ஸ்பேனர்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். என்ன கனம்! அடித்து வளர்த்த இரும்பு. அரத்தை ஓட்டினேன்; பனிக்கட்டி மேல் போவது மாதிரி வழுக்கியது. பஞ்சாலையில் என் கையில் இருந்ததும் இதே ரகம்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

மகள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது மில்லியா, இஞ்சா?"

"ஸ்பேனர்னா ஸ்பேனர்தான். என்ன மில்லி, என்ன இஞ்சு?"

"இல்லப்பா. இப்ப வர்ற வண்டி எல்லாம்..."

"நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து நட்டு கழட்டறவன் நான்."

அவள் ஸ்பேனரைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். மறுநாள் தட்டாஞ்சாவடியில் மூடிப்போன ஒரு பட்டறையில் மூக்கை வைத்து இழுத்து ஒரு கிரைண்டரும், தண்டு ஆடாத ஒரு டிரில்லும் எடுத்தோம். பழைய கட்டில் சட்டத்தை வெட்டி நானே மேஜை அடித்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வைஸை அதில் முடுக்கி நிறுத்தியபோது ஷெட் நிஜமான பட்டறையாக நின்றது. அவள் சீட்டுப் பணத்தில் மிச்சம்கூட இருந்தது. இதை வேறு யாராவது செய்து காட்டட்டும்!

வெள்ளிக்கிழமை காலை உரக்கடைக்காரர் மொபெட்டில் வந்து ஷெட் வாசலிலேயே நிறுத்தினார். என் சம்பந்தியம்மா அவருக்கு காபி கொடுத்துவிட்டு, முந்தானையில் சாவியை முடிந்துகொண்டு வாசலில் நின்றார். பக்கத்துக் கொல்லைக்காரர் தன் பவர் வீடரைத் தள்ளிக்கொண்டு வந்தார். களை வெட்டுகிற பிளேடு ஒன்று கல்லில் பட்டு உடைந்திருந்தது. புது பிளேடு கையோடு கொண்டுவந்திருந்தார். உடைந்ததைப் பிடித்திருக்கிற ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். இதைவிடச் சுலபமான முதல் வேலை யாருக்குக் கிடைக்கும்?

"பெட்டிய தொற" என்றேன், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோன சீரைத் திறக்கிற மாதிரி.

எங்கள் பஞ்சாலைக் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். மூன்றரை நூல் ஸ்பேனரை மகள் போல்ட் தலையில் வைத்தாள். உள்ளே போகவில்லை. நாலு நூல் ஸ்பேனரை வைத்தாள். போயிற்று, ஆனால் கொடகொடவென்று ஆடியது. இழுத்தால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் வாங்கி இழுத்தேன். போல்ட்டின் மூலை ஒன்று லேசாகத் தேய்ந்தது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வண்டியின் போல்ட் எல்லாம் மில்லிமீட்டர் அளவு. பெட்டியில் இருந்தது முழுக்க இஞ்ச் ஸ்பேனர். ஆலையில் இருந்த மெஷின் அத்தனையும் இஞ்ச் மெஷின். என் கை அதிலேயே பழகி, கனத்தையும் எஃகையும் பார்த்ததே தவிர, மேலே பொறித்திருந்த அளவு எண்ணைப் பார்க்கவே இல்லை.

"இந்த போல்ட்டு தப்பா செஞ்சிருக்கான்" என்றேன்.

"ஆமாம் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. "வண்டி தப்பு, போல்ட்டு தப்பு. பொட்டி மட்டும் ரொம்ப லட்சணமா இருக்குது. பேசாம அதுல வெத்தல பாக்கு போட்டு வெச்சிக்கலாம்."

உரக்கடைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொல்லைக்காரர், "மூல தேஞ்சிட்டா அப்புறம் வெட்டித்தாம்மா எடுக்கணும். பாத்து" என்றார். இன்னும் ஒரு தடவை வழுக்கினால் முடிந்தது. வண்டி டவுனுக்குப் போகும், சாவி உரக்கடைக்குப் போகும்.

நான் குனிந்து, ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தேன். எரிச்சலில் சொன்னேன்: "ஒரு ஆக்ஸா பிளேடு கனம் ஆடுதுடி. அந்த ஒரு பிளேடு கனத்துக்கு இவ்வளோ அழும்பு பண்ணுது."

மகள் நிமிர்ந்தாள். "நிச்சயமா ஒரு பிளேடு கனமாப்பா?"

"என் நகம் பொய் சொல்லாது."

"அப்ப அந்த பிளேடையே வெச்சிடலாமே!"

இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு மேஜை மேலேயே கிடந்தது. அவள் அதை வைஸில் கவ்விப் பிடித்து, துணியால் மூடி, படக்கென்று ஒரு துண்டை உடைத்தாள். அந்தத் துண்டை போல்ட் தலைக்கும் ஸ்பேனர் வாய்க்கும் நடுவில் செருகினாள். ஆட்டம் நின்றுவிட்டது! அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

"தள்ளுப்பா, நான் இழுக்கறேன்."

"மெதுவா. வெடுக்குனு இழுக்காத. பாரத்த மட்டும் குடு."

"தெரியும்ப்பா!"

அவள் ஒரு காலை ஷெட் சுவரில் உதைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கொடுத்தாள். மொபெட் மேல் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரரும் எழுந்து எட்டிப் பார்த்தார். டக்கென்று ஒரு சத்தம். வழுக்கிய சத்தம் இல்லை. இறுக்கம் விட்ட சத்தம். எனக்கு அந்த வித்தியாசம் காதிலேயே தெரியும். "வந்துட்டான்!" என்று நான் கத்தியது ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

புது பிளேடை மாட்டி, அதே துண்டை வைத்து முடுக்கி, வண்டியைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தாள். வண்டி உறுமியது. கொல்லைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போக, வழியில் நின்ற மொபெட்டை உரக்கடைக்காரரே தள்ளி ஓரம் வைக்க வேண்டியதாயிற்று.

"அப்ப நம்ம அட்வான்சு?" என்றார் அவர்.

"பின்னால மாட்டுக் கொட்டா காலியாத்தான் இருக்குது. வாங்க, அத காட்டறேன்" என்றார் சம்பந்தியம்மா. போகிற வழியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை மகள் கையில் போட்டார். "இந்தா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இனிமே சாமான் எடுக்கப் போனா நீ முன்னால போ. ஒங்கப்பா பின்னால பைய தூக்கினு வரட்டும்."

"வர்றேன் சம்பந்தியம்மா, சந்தோஷமா வர்றேன்" என்றேன். பொய் இல்லை. கிரீஸ் படிந்த கையோடு அவள் சாவியை வாங்கியதைப் பார்த்தவனுக்குப் பையைத் தூக்குவதா பெரிய விஷயம்?

அதற்குள் மூன்றாவது வீட்டுப் பெண் மருந்தடிக்கிற மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அக்கா, இதையும் ஒரு கை பாரேன்."

மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதுல எட்டு மில்லி, பத்து மில்லி. எல்லாத்துக்கும் பிளேடு ஒடச்சினு இருக்க முடியாது. வில்லியனூர்ல விக்கறானே, புது செட்டு. வெல கம்மிதான். எண்ண படிச்சிப் பாத்து வாங்கினு வா."

புதுச் செட்! வாழ்நாளில் முதல் தடவையாகப் புது ஸ்பேனர் வாங்க என் ஸ்கூட்டரை உதைத்தேன். கடையில் எட்டிலிருந்து பத்தொன்பதுவரை ஒவ்வொன்றாக எண்ணை வாய்விட்டுப் படித்தேன். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, "ஒரே விலைங்க, பேரம் கெடையாது" என்று தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினார்.

"அப்பிடியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.