தண்ணீர் வற்றிய வாரம்

கண்டியில் பெரஹரா ஊர்வலம் முடிந்து கூட்டம் கலைந்த அடுத்த வாரம், நீர்த்தேக்கத்தின் அடித்தரையில் நடந்து நாங்கள் ஒரு தீவுக்குப் போனோம். அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெரு, வெடித்த சேற்றுக்கு நடுவே கறுப்பாக மேலே வந்திருந்தது. ஒரு சின்ன மதகு, சாய்ந்துபோன மைல்கல், இலையில்லாமல் நின்ற இரண்டு மரங்கள். தூரத்தில் எஞ்சிய நீர் மினுமினுத்தது. காய்ந்த பாசியின் வாடை எங்கும் இருந்தது. திட்டமிடல் குழுவினர் ஐந்து பேரும் குடை பிடித்தபடி, தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போல மெதுவாகப் போனார்கள். ஆய்வுக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கடைசியாகப் போனேன். ஒரு காலத்தில் பஸ் ஓடிய தெருவில், தலைக்கு மேலே தண்ணீர் நின்ற இடத்தில் நடக்கிறோம் என்று நினைக்க நினைக்கச் சொப்பனம் போலிருந்தது.

அப்போது நான் கண்டிக்குக் கிழக்கே ஒரு பிரதேச சபையில் எழுதுவினைஞராக இருந்தேன். கரையைச் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. கரைக் காணிக்காரர்கள் தங்களுக்கென்று தனித்தனி இறங்குதுறை கட்டிக்கொள்ளலாம். தீவில் இருக்கிறவர்களுக்குக் கால்நடையாகப் போகும் வழி இல்லாவிட்டால் மட்டும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு இறங்குதுறையும் பாதையும் ஒதுக்க வேண்டும். தீவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறியபோது தப்பி நின்ற ஒரு மேடு, அதில் மிளகும் கராம்பும் நட்ட நான்கு குடும்பங்கள். அவர்களுக்காக மனுக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெண். ஊரில் எல்லாரும் அக்கா என்கிற முறையில் அவரை ராத்தா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துவிட்ட கணவரைக் கிழமைக்கு ஒருமுறை தோணியில் இக்கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார்.

கள ஆய்வுக்குத் திகதி குறிப்பது என் வேலை. எந்த மாதமும் குறித்திருக்கலாம். தண்ணீர் வற்றும் வாரமாகப் பார்த்துக் குறித்தவள் நான்தான். கண்டி நகரின் மஹய்யாவயில் குழாயடித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். வாளியைவிட ஆழமான தண்ணீரைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். தோணியில் ஏறச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவ்வளவுதான், வேறு கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. குழு நடந்து போனது, ராத்தா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தது, நடந்தே திரும்பியது. தீவுக்குக் கால்நடையாகப் போகும் வழி உண்டு என்று நானே அறிக்கையில் தட்டெழுதினேன். பொது இறங்குதுறை தேவையில்லை என்று முடிவானது. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

மழை வந்தது. தெரு, மதகு, மைல்கல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே போயின. தீவுக்காரர்கள் காலங்காலமாகத் தோணி கட்டிய கரை ஒரு ஹோட்டல்காரரின் காணிக்குள் இருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கம்பி வேலி போட்டுப் படலையையும் பூட்டிவிட்டார். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்தான காடு, நோயாளியை ஏற்ற முடியாது. ராத்தா எங்கோ சுற்றித் தனியாகக் கரையேறி, சேறு படிந்த அபாயாவோடு எங்கள் சபைக் கந்தோருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கணவரின் வலது கை இப்போதுதான் கொஞ்சம் அசையத் தொடங்கியது, சிகிச்சை விட்டுப்போனால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராம். புது மனுவை என் மேசையில் வைத்துவிட்டு, எழும்பும்போதுதான் சொன்னார்.

“அன்டக்கி எல்லாரும் நடந்து வந்தீங்க தானே, மிஸ். இப்பவும் ஒருக்கா வாங்க. நடந்தே வாங்க.”

மேன்முறையீட்டு விசாரணை ஜனவரியில் ஒரு காலை பத்து மணிக்கு. பத்தரை ஆகியும் ராத்தாவைக் காணவில்லை. மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடி, அதுதான் சட்டம். குழுத் தலைவர் சிங்களத்தில் அப்படியே எழுதச் சொன்னார். குறிப்பெடுக்கிற எழுதுவினைஞர் கூட்டத்தில் வாய் திறப்பது வழக்கமில்லை. நான் திறந்தேன். அந்த அம்மா வராமல் இருக்கவில்லை சேர், வர வழியில்லை என்பதுதான் அவருடைய மனுவே என்றேன். தலைவர் பேனையை மூடினார், பிறகு வாகனத்தை எடுக்கச் சொன்னார். நாங்கள் போய்ப் பார்த்தபோது மழைத்தூறலில் வேலிக்கு அப்பால் தோணி நின்றது. மனுக் கோப்பை நனையாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்தபடி, காலை எட்டு மணியிலிருந்து ராத்தா அதில் உட்கார்ந்திருந்தார். முன்பு அவர் சுற்றிக் கரையேறிய இடமும் மழையில் சரிந்துபோயிருந்தது. அன்றைக்கே படலை திறந்தது. பொது இறங்குதுறைக்கும் சக்கர நாற்காலி போகிற அகலத்தில் பாதைக்கும் அங்கேயே நின்று ஒப்பம் வைத்தார்கள்.

இப்போது நான் கண்டி நகரத்தில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாவிக்கரையில் கொஞ்சம் நடப்பதுண்டு. வாவியின் நடுவிலும் ஒரு தீவு இருக்கிறது, எல்லாரும் அதைப் படம் பிடிக்கிறார்கள். அது அழகான தீவுதான். ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு ராத்தாவின் தோணிதான் ஞாபகம் வரும்.

அந்த வருடம் துறை கட்டி முடித்த சித்திரையில் ராத்தா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் தோணியில் ஏறினேன். நடுத் தண்ணீரில், எங்கள் காலுக்குக் கீழே அந்தப் பழைய தெரு கிடந்த இடத்தில், இதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திகதி வைத்தது நான், தோணிக்குப் பயந்து வைத்தேன் என்று.

“பயம் என்டு தெரியும்,” என்றார் ராத்தா. “அன்டக்கி மத்தவங்க குறுக்கால எறங்கி நடந்தாங்க, நீங்க மட்டும் தார் ரோட்ட விட்டு எறங்கல்ல. திகதி வச்சது நீங்க என்டுதான் தெரியாது, தங்கச்சி.”

துடுப்பு கொஞ்ச நேரம் நின்றது. தோணி தன்பாட்டில் மிதந்தது. என்னைத் திருப்பிக் கொண்டுபோய்க் கரையில் விட்டாலும் நியாயம்தான் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் தீவை நோக்கித் துடுப்புப் போட்டார்.

வீட்டில் அவருடைய கணவர் கதிரையில் சாய்ந்திருந்தார். வேலி அடைத்திருந்த அந்த எட்டுக் கிழமைக்குப் பிறகு வலது கை மீளவே இல்லை, மடியில் கிடந்தது. நான் யார் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, துறைக்காகப் பேசிய மிஸ் என்று மட்டும் தெரியும். ராத்தா கொண்டுவந்த தேத்தண்ணியை, தானே தர வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தளும்பத் தளும்பக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்,” என்றார். “இடக்கையாலதான் தர ஏலும்.”