விற்றுத் தீர்ந்த என் முகம்

1982ஆம் ஆண்டு. உருத்திரபுரத்தில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது. அந்த வருடக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். எங்கள் குடும்பம் தீவுப் பக்கமிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். எனக்கு நேர்ஸாக வர வேண்டும் என்று பெரிய ஆசை. பரீட்சை பாஸ் பண்ணாமல் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க முடியாது.

பரீட்சைக்குத் தபால் அடையாள அட்டை வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், கிளிநொச்சி டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுப்பித்தார். நேரே பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். நடந்த எல்லாவற்றிலும் நான் செய்தது அது ஒன்றுதான்.

அந்த நாட்களில் டவுனில் சில இளைஞர்கள் சேர்ந்து மாணவர்களுக்கென்று ஒரு மாத சஞ்சிகை நடத்தினார்கள். முதல் இதழ்களின் அட்டையில் ஒரு குத்துவிளக்கு, ஒரு விரித்த புத்தகம். பக்கத்தில் சினிமாக்காரிகளின் படத்தோடு இந்தியப் பத்திரிகைகள் தொங்கும்போது குத்துவிளக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கட்டுக் கட்டாகத் திரும்பி வந்ததாம். ஆகவே கூடியிருந்து யோசித்திருக்கிறார்கள். வாசிக்கிற பிள்ளைகளின் வயதில் ஒரு முகம் வேண்டும். நடிகை வேண்டாம், வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளை மாதிரி இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவனை அந்தக் கண் நேராகப் பார்க்க வேண்டும். சஞ்சிகையின் பெயர் சிவப்பில் சரிந்த எழுத்தாக வர வேண்டும். பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்வி. இப்படி எல்லாம் தீர்மானித்த பிறகு முகத்துக்கு எங்கே போவது? ஸ்ரூடியோக்காரர் என்னுடைய படத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வி, ‘பதினாறு வயதில் காதல் சரியா?’ என்பது. உள்ளே ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், பிள்ளைகளே ஒழுங்காகப் படியுங்கள், தாய்க்கு வீட்டுவேலையில் உதவுங்கள் என்று எழுதியிருந்தார். அதை ஒருவரும் வாசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

வகுப்பில் என்னோடு படித்தவள்தான் அதை முதலில் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு வந்து காட்டினாள். பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கன்னத்து மருவை எடுத்துவிட்டிருந்தார்கள். இல்லாத தோடு ஒன்று காதில் கீறியிருந்தார்கள். சிவப்பு மை கொஞ்சம் விலகி, உதடு ஒரு இடத்திலும் அதன் நிறம் இன்னொரு இடத்திலுமாக இருந்தது. அப்படியிருந்தும் நான் வடிவான பிள்ளை என்று வாழ்க்கையில் முதல்தரம் நினைத்தேன். அந்த நினைப்பு அன்று பின்னேரம் வரைக்கும் இருந்தது.

சிறுபோகம் விதைத்திருந்த நேரம். அப்பா வயலுக்குப் பசளை வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். பஸ் நிலையத்துக் கடையில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, கண் மட்டத்துக்கு வரிசையாக என்னைத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார், கவனிக்கவில்லை. யாரோ தெரிந்த மனிதர் கூப்பிட்டு, “அண்ணை, இது உங்கட மூத்தவ எல்லோ?” என்று கேட்டிருக்கிறார். அப்பா அந்தக் கேள்வியையும் வாசித்தார். பிறகு கடையில் இருந்த அத்தனை பிரதியையும் வாங்கினார். பரந்தன் கடைகளுக்கும் வட்டக்கச்சிக் கடைகளுக்கும் சைக்கிளை மிதித்து, அங்கிருந்தவற்றையும் வாங்கினார். பசளைக் காசு அதோடு போயிற்று.

இரவு சாப்பாட்டுக்கு முன்னமே எல்லாம் நெல் அவிக்கிற அடுப்புக்குப் போய்விட்டன. அம்மா ஒவ்வொன்றையும் குப்புறத் திருப்பித்தான் நெருப்பில் வைத்தார். அப்பா என்னை ஏசவில்லை, கை நீட்டவும் இல்லை. “கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் பிள்ளை. சனம் மறக்கட்டும்” என்றார். எனக்கும் அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. எல்லாம்தான் எரிந்துவிட்டதே, இரண்டு கிழமையில் வகுப்பில் இருப்பேன் என்றுதான் நம்பினேன். வீட்டில் இருந்தபடியே பாடங்களையும் படித்துக்கொண்டிருந்தேன்.

சில நாட்கள் கழித்து ஓர் இளைஞர் சைக்கிளில் எங்கள் படலையடிக்கு வந்தார். பின்னால் கரியரில் இருந்த ஒரு கட்டை இறக்கி வைத்தார். தான்தான் அந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் என்றார். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முகமெல்லாம் பூரிப்பாக, அந்த அட்டையை எப்படி யோசித்தோம், எப்படி அடித்தோம் என்று அப்பாவுக்கு விளக்கினார். நான் முன்னே சொன்ன கதையெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். பிறகு சொன்னார், “ஐயா, உங்கட மகளின்ர படம் நல்லா எடுபட்டிட்டுது. எங்கட புத்தகம் இப்பிடி ஒருநாளும் போனதில்லை. கிளிநொச்சியில ஒரே நாளில முடிஞ்சு போச்சு. கடைக்காரர் எல்லாரும் இன்னும் கேக்கினம். திரும்பவும் அடிச்சிருக்கிறம், இந்தமுறை கூடுதலா. முல்லைத்தீவு, வவுனியாவுக்கும் அனுப்பியாச்சு.” இன்னொரு படம் தர முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

“வாங்கினது நான்தான் தம்பி” என்றார். “எல்லாத்தையும் நான்தான் வாங்கினனான்.”

அந்த இளைஞருக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தார், முற்றத்து அடுப்படியில் பெருக்காமல் கிடந்த கடதாசிக் கரியைப் பார்த்தார், அப்போதுதான் விளங்கியது. கட்டை அவிழ்க்கவும் தெரியாமல், திருப்பி ஏற்றவும் தெரியாமல் நின்றார். அனுப்பியதைத் திருப்பி எடுக்கிறேன் என்றார், தன்னாலேயே முடியாது என்று தெரிந்த குரலில். என் பள்ளிக்கூடம் நின்றதை அப்பா சொன்னதும், “பிழை எங்கட ஐயா. பிள்ளையைப் படிக்க விடுங்கோ” என்று கெஞ்சினார். அப்பா, “நான் எத்தினையைத் தம்பி வாங்கிறது?” என்று மட்டும் கேட்டார். அவர் கட்டைத் திருப்பிக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் நான் தொங்கினேன். கோயிலுக்குப் போனால் பின்னால் வருகிற பொடியன்கள் அந்த அட்டைக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கிற மாதிரிச் சொல்லுவார்கள். ஊரில் எனக்கு ‘அட்டைப்படப் பெட்டை’ என்று பெயரும் வைத்தாயிற்று. எனக்குக் கலியாணம் பேசிவைத்திருந்த சொந்தக்காரர்கூட, பார்த்துச் செய்வோம் என்று பின்வாங்கினார்கள். கொஞ்ச நாள் என்று அப்பா சொன்னது மாதங்களாக நீண்டது. அடையாள அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. அதைக் காட்டிப் போக வேண்டிய பரீட்சை மண்டபத்துக்கு நான் போகவில்லை. மார்கழியில் என்னோடு படித்தவர்கள் வெள்ளை உடுப்பில் எங்கள் ஒழுங்கையால் பரீட்சைக்குப் போனபோது, நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். புகையில் கண் எரிகிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவும் நம்பின மாதிரி இருந்தார்.

சனம் மறக்கத்தான் செய்தது. ஆனால் சனம் மறந்த நேரத்தில் நாட்டில் கலவரம், சண்டை என்று வேறு காரியங்கள் தொடங்கிவிட்டன. பெண் பிள்ளைகளை றோட்டுக்கு அனுப்பவே எல்லோரும் பயந்தார்கள். “இனி நான் போகட்டோ அப்பா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பிறகு நான் கேட்கவில்லை. எனக்குள் இருந்த ஒன்று அன்றோடு அடங்கிப் போனது, அது பிறகு எழும்பவே இல்லை. கலியாணம், பிள்ளைகள், இடம்பெயர்வு என்று எல்லாம் வந்தன. ஆசுப்பத்திரிக்கு நோயாளியாகப் போனேன், நோயாளிக்குத் துணையாகவும் போனேன், மற்றபடி போகவில்லை. அந்தச் சஞ்சிகை, கடதாசி கிடைக்காமல் நிற்கும்வரை ஒவ்வொரு மாதமும் ஒரு பெண் பிள்ளையின் முகத்தோடுதான் வந்தது. அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று அவர்களுக்கு விளங்கிவிட்டதல்லவா, அதற்கு என் அப்பாவே சாட்சி.

கோபம் இல்லை என்று சொன்னால் அது பெருந்தன்மைக்காகச் சொல்லும் பொய். படத்தைப் போட்டவர்களும் என்னைக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தை நிறுத்தியவரும் என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கும் கடையில் தொங்குகிற அட்டையிலிருந்து ஒரு சின்னப் பெண் என்னை நேராகப் பார்த்தால், இந்தப் பிள்ளையை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றுதான் மனம் முதலில் தவிக்கும். என்னைக் கேட்டிருந்தால், படத்துக்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன், படிப்பை விடுவதற்கு மட்டும் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.