உரியாத டேப்

கண்காட்சி முடிந்ததும் அரங்குகளைப் பிரிப்பது அவர் வேலை. குப்பைக்குப் போகிற கம்பளங்களைத் தெருச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார். அதற்குமுன் அவரும் மனைவியும் உட்கார்ந்து தரையோடு பிடிக்க அடியில் ஒட்டிய டேப்பையெல்லாம் உரிப்பார்கள்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்கப்போறாங்க?" என்பார்கள் கூட வேலை செய்பவர்கள்.

"குடுக்கிறவன் பாக்கணும்ல" என்பார் வெடுக்கென்று.

மனைவி செத்த அன்று, வந்தவர்கள் உட்காரச் சங்கத்துக்காரர்கள் அவர் கொடுத்த நீலக் கம்பளம் ஒன்றைத்தான் வாசலில் விரித்தார்கள். யார் கையைப் பிடித்தாலும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். மடங்கிய ஓரத்தில் விரல்நீள டேப் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"அண்ணே, தூக்கப்போறாங்க, எழுந்திருங்க" என்றார் சங்கச் செயலாளர்.

"இருப்பா. இது அவ உரிச்ச பக்கம். முடிச்சிட்டு வரேன்."